பயாஸ்ல கை வெச்சதுக்கு அப்புறம் டிஸ்ப்ளே வர்ல, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணுமா?

உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்குதுங்க, அதை முதல்ல பிரிச்சுக்கலாம். திருப்பூர்ல சின்னதா எம்பிராய்டரி யூனிட், ஆபீஸுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர், எட்டாம் தலைமுறை ஐ3, ரெண்டு மானிட்டர் வேணும்னு ஒரு பழைய ஜிடி 210 கார்டு சொருகியிருக்குது. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னு போச்சு, 11 போடலாம்னு ஒரு வீடியோ பாத்துட்டு பயாஸ்க்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டோட செட்டிங்) போயி சிஎஸ்எம்மை (பழைய பூட் முறைக்கான வழி) டிசேபிள் பண்ணி, செக்யூர் பூட்டையும் (நம்பகமான புரோகிராமை மட்டும் பூட் ஆக விடற காவல்) டிபிஎம்மையும் (சாவிகளைப் பத்திரமா வெக்கற பாதுகாப்பு சிப்பு) எனேபிள் பண்ணி, ஸ்பீடு எச்சா வரும்னு அந்த வீடியோக்காரர் சொன்னாருன்னு எக்ஸ்எம்பியையும் (ரேமை எச்சு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணி, எஃப்10 அடிச்சு சேவ் பண்ணியிருக்கீங்க. அதுக்கப்புறம் ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வர்றதில்ல. கடையில கேட்டா ஃபார்மட் அடிச்சாத்தான் ஆகும்கறாங்க, உள்ள டாலி டேட்டாவும் ரெண்டு வருசத்து டிசைன் ஃபைலும் கெடக்குது, 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடோணும். நீங்க எழுதுனது டிஸ்ப்ளே வர வைக்கறது எப்படின்னு, ஆனா படிச்சா தெரியுது, உங்களைத் தூங்க விடாம வெச்சிருக்கறது டேட்டா போயிருமோங்கற பயம்.

போகாதுங்க. இதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நீங்க மாத்தின செட்டிங் எல்லாம் மதர்போர்டுல இருக்கற ஒரு சின்ன சிப்புக்குள்ள உக்காந்திருக்குது, டாலியும் டிசைனும் ஹார்ட் டிஸ்க்குல இருக்குது, அது வேற இது வேற. சிஎஸ்எம்மை ஆஃப் பண்ணினாலும் செக்யூர் பூட்டை ஆன் பண்ணினாலும் டிஸ்க்குல ஒரு எழுத்து கூட மாறாது. இந்த மாதிரி கேஸ்ல டேட்டா போறது எப்பன்னு பாத்தீங்கன்னா, செட்டிங் மாத்தின அன்னிக்கு இல்ல, அதைச் சரி பண்றேன்னு அடுத்த ரெண்டு நாள்ல செய்யற வேலையில தான். நான் ஈரோட்டுல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், மில்லு, பனியன் கம்பெனி, மஞ்ச மண்டி ஆபீஸ்னு ரொம்ப வருசமா இதே பொழப்பு, இது வரைக்கும் பயாஸ் செட்டிங் மாத்தி டேட்டா அழிஞ்சு என்கிட்ட வந்த கேஸ் கெடையாது, ஃபார்மட் அடிச்சுட்டு அழுதுட்டு வந்தவங்க நெறைய.

கம்ப்யூட்டர் ஆன் ஆகறதுல ஒரு வரிசை இருக்குது, அதைப் புரிஞ்சுக்கிட்டா கடையில சொல்றது சரியா தப்பான்னு நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம். முதல்ல கரண்ட் வரும், அப்புறம் புராசசரும் ரேமும் எந்திரிக்கும், அப்புறம் கிராபிக்ஸ் எந்திரிச்சு போர்டு கம்பெனியோட லோகோ ஸ்கிரீன்ல வரும், அதுக்கப்புறம் தான் எந்த டிஸ்க்குல இருந்து பூட் ஆகறதுன்னு தேடும், கடைசியா தான் விண்டோஸ். உங்க மெஷின் லோகோவே காட்டறதில்ல, அப்படின்னா டிஸ்க்கைத் தேடற கட்டத்துக்கே அது வந்து சேரல, இல்ல வந்திருந்தாலும் நம்ம கண்ணுக்குத் தெரியல. ஃபார்மட்ங்கறது டிஸ்க்குக்குப் பண்ற வேலை. ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகி மோட்டார் ஓடாம நிக்குதுன்னு கெணத்தைத் தூர் வாரற மாதிரி ஆயிரும் அது. அத்தனைக்கும் டிஸ்ப்ளேயே வராத மெஷின்ல ஃபார்மட் எப்படிங்க அடிப்பாங்க, முதல்ல டிஸ்ப்ளே வர வெச்சுட்டுத்தானே அடிக்கோணும், அது வந்துருச்சுன்னா பாதிப் பிரச்சனை தீந்து போச்சு.

கடைக்காரங்களைக் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதலீங்க. ஒக்காந்து ஒரு மணி நேரம் பாத்து, "ஒரு செட்டிங் தான், மாத்தி உட்டுட்டேன்"னு சொன்னா நம்மாளுக காசு குடுக்க மாட்டாங்க, "செட்டிங் மாத்தினதுக்கா இவ்வளவு"ன்னு கேப்பாங்க. ஃபார்மட் அடிச்சுக் குடுத்தா அதுக்கு ஒரு ரேட்டு இருக்குது, யாரும் கேள்வி கேக்கறதில்ல. அதனால எல்லா வியாதிக்கும் ஃபார்மட்டுன்னு ஆயிப் போச்சு. நீங்க கடைக்கே குடுக்கறதா இருந்தாலும் "பாக்கறதுக்கு இவ்வளவு தர்றேன், என்னைக் கேக்காம டிஸ்க்குல கை வெக்க வேண்டாம்"னு முதல்லயே பேசிட்டுக் குடுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். நீங்க மாத்தின நாலுல எனக்கு முதல் சந்தேகம் சிஎஸ்எம் மேலயும் அந்த ஜிடி 210 கார்டு மேலயும் தான். கிராபிக்ஸ் கார்டுக்குள்ளயே ஒரு குட்டி புரோகிராம் இருக்குது, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல படம் காட்டறது அதுதான். பழைய பயாஸ் முறைக்கு ஒரு விதமா எழுதியிருப்பாங்க, புது யூஇஎஃப்ஐ முறைக்கு வேற விதமா எழுதியிருப்பாங்க, இந்த ரெண்டாவதுக்கு ஜிஓபின்னு பேரு. ஜிடி 210 வந்தது 2009ல, அதுல இந்த ஜிஓபி கெடையாது. சிஎஸ்எம்ங்கறது பழைய முறைக்காரங்களுக்காக புது போர்டுல வெச்சிருக்கற ஒரு வழி, அதை அடைச்சிட்டீங்கன்னா அந்தக் கார்டுக்கு போர்டோட பேசறதுக்கு வேற வழி இல்ல. சில போர்டு இந்த மாதிரி கார்டைப் பாத்தா தானாவே சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் பண்ணிக்கும், சிலது பீப் அடிச்சுச் சொல்லும், சிலது கம்முனு உக்காந்துக்கும், உங்களுது மூணாவது ரகம்னு நினைக்கறேன்.

இதைச் சோதிச்சுப் பாக்க பைசா செலவில்லீங்க. மெஷினை ஆன் பண்ணி ஒரு ரெண்டு நிமிசம் விட்டுட்டு கீபோர்டுல நம்லாக் கீயை அமுத்திப் பாருங்க. லைட் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா போர்டு உள்ளுக்குள்ள நல்லாத்தான் ஓடுது, படம் மட்டும் தான் வர்ல. அசையவே இல்லைன்னா அதுக்கும் முன்னாடியே எங்கயோ நிக்குதுன்னு எடுத்துக்கலாம், ஆனா இதை ஒரு அறிகுறியா மட்டும் வெச்சுக்கங்க, சில கீபோர்டுல அந்த லைட்டே இருக்காது. அடுத்தது மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, ஒயரைப் பிடுங்கி, அந்தக் கார்டை ஸ்க்ரூ கழட்டி வெளிய எடுத்துருங்க. ஸ்லாட்டோட உள்பக்க முனையில ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி பிடிச்சுக்கிட்டிருக்கும், அதை அமுத்திட்டு இழுக்கோணும், அப்படியே பலமா இழுத்தீங்கன்னா ஸ்லாட் போயிரும். கார்டை எடுத்துட்டு மானிட்டர் கேபிளை போர்டுலயே இருக்கற விஜிஏ இல்ல ஹெச்டிஎம்ஐ போர்ட்ல சொருகி ஆன் பண்ணுங்க. எட்டாம் தலைமுறை ஐ3க்குள்ளயே கிராபிக்ஸ் இருக்குது, அதுக்கு யூஇஎஃப்ஐ பாசை நல்லாவே தெரியும். பேருக்குப் பின்னாடி எஃப் எழுத்து போட்ட மாடல்ல தான் கிராபிக்ஸ் இருக்காது, அது ஒன்பதாம் தலைமுறையில இருந்து தான் வந்துச்சு, உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. கார்டு உள்ள இருக்கும்போதே கேபிளை மட்டும் மாத்திப் பாத்தா பத்தாதுங்க, கார்டு சொருகியிருந்தா நெறைய போர்டு உள்ள இருக்கற கிராபிக்ஸை ஆஃப் பண்ணி வெச்சுக்கும், அதனால கழட்டித்தான் பாக்கோணும். பத்துக்கு ஏழு வாய்ப்பு இதுலயே லோகோ வந்துரும்னு என் கணக்கு, சத்தியம் பண்ண மாட்டேன்.

ரெண்டாவது சந்தேகம் எக்ஸ்எம்பி. இது விண்டோஸ் 11க்கு வேண்டவே வேண்டாம், அந்த வீடியோவுல ஏன் சேத்தாங்கன்னு அவங்களைத் தான் கேக்கோணும். டிடிஆர்4 ரேம் சாதாரணமா 1.2 வோல்ட்ல ஓடும், எக்ஸ்எம்பி ஆன் பண்ணினா ரேம் கம்பெனி எழுதி வெச்சிருக்கற எச்சு வேகத்துக்கும் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கும் போகும். ஒரே மாதிரி ரெண்டு ரேம்னா பரவால்ல, முதல்ல வாங்கினது ஒரு கம்பெனி, அப்புறம் 4 ஜிபி பத்தலைன்னு சேத்தது வேற கம்பெனின்னா அங்க தான் வம்பு. அப்படி ஆனா எப்படித் தெரியும்னா, ஃபேன் சுத்தும், சில செகண்ட்ல நிக்கும், மறுபடி தானாவே சுத்தும், இப்படி ரெண்டு மூணு தடவை ஆயிட்டு நல்ல போர்டா இருந்தா "இந்த வேகம் ஒத்து வர்ல"ங்கற மாதிரி ஒரு மெசேஜோட பழைய வேகத்துக்குத் திரும்பிக்கும். அதனால ஆன் பண்ணின உடனே வர்லைன்னு படக்குனு ஆஃப் பண்ணாதீங்க, அஞ்சு நிமிசம் விட்டுருங்க. உங்க விசயத்துல இதை நான் ரெண்டாவதா வெக்கறதுக்குக் காரணம், எட்டாம் தலைமுறை ஐ3க்கு இன்டெல் சொல்லியிருக்கற ரேம் வேகமே 2400 தான், ஹெச்310, பி360 மாதிரி சிப்செட் போட்ட போர்டுன்னா அதுக்கு மேல போகவே விடாது. உங்க போர்டு என்னன்னு நீங்க எழுதல, அதனால இதுக்கு மேல இங்கிருந்து உறுதியாச் சொல்ல முடியல.

கார்டைக் கழட்டியும் வர்லைன்னா அடுத்தது பயாஸை பழைய நிலைமைக்குக் கொண்டு வர்றது, கிளியர் சிமாஸ்னு சொல்வாங்க. ஒயரை சாக்கெட்ல இருந்தே பிடுங்கிருங்க, யூபிஎஸ்ஸை ஆஃப் பண்ணினா மட்டும் போதும்னு நினைக்காதீங்க. பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு பத்துப் பதினஞ்சு செகண்ட் அமுத்திப் பிடிங்க, உள்ள மிச்சம் நிக்கற கரண்ட்ல ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நிக்கும், போர்டுல சின்ன லைட் ஏதாச்சும் எரிஞ்சா அதுவும் அணையும். கேபினட்டோட பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருக்கா தொட்டுட்டு உள்ள கை வைங்க. ஒத்த ரூபா நாணயம் மாதிரி வட்டமா வெள்ளியா ஒரு பேட்டரி தெரியும், அதுமேல சிஆர்2032ன்னு எழுதியிருக்கும். அதுக்குப் பக்கத்துல ரெண்டு பின்னோ மூணு பின்னோ மொட்டையா நிக்கும், போர்டுல பொடி எழுத்துல கிகாபைட்னா சிஎல்ஆர் சிமாஸ்னும் எம்எஸ்ஐன்னா ஜேபேட்1னும் ஏசஸ்னா சிஎல்ஆர்டிசின்னும் போட்டிருக்கும். ரெண்டு பின் தான் இருக்குதுன்னா ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டையும் சேத்து ஒரு பத்து செகண்ட் தொடோணும். மூணு பின்னுல தொப்பி போட்டிருந்தா அதைக் கழட்டி அடுத்த ஜோடியில பத்து செகண்ட் வெச்சுட்டு மறக்காம பழைய எடத்துலயே வெச்சுருங்க. எது எந்த பின்னுன்னு சந்தேகமா இருந்தா குத்து மதிப்பா எதையும் தொடாதீங்க, பக்கத்துல யூஎஸ்பி, ஆடியோ பின்னெல்லாம் இதே மாதிரி தான் நிக்கும். அதுக்குப் பதிலா பேட்டரியைக் கழட்டிருங்க, ஓரத்துல இருக்கற கிளிப்பை நகத்தால தள்ளினா தானா மேல துள்ளும், கால் மணி நேரம் கழிச்சு எழுத்து இருக்கற பக்கம் மேல பாக்கற மாதிரி திரும்பப் போடுங்க. பழைய பேட்டரின்னா அப்படியே புதுசு போட்டுருங்க, விலை ஒண்ணும் பெருசில்ல. மீட்டர் இருந்தா வெச்சுப் பாருங்க, நல்லதுன்னா 3 வோல்ட் சொச்சம் காட்டும், 2.7க்குக் கீழ போயிருந்தா அது உசுரை இழுத்துக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம்.

இந்த பேட்டரி முறை 1984ல ஐபிஎம் ஏடி மெஷின்ல வந்தது, அப்ப செட்டிங்கையும் கடிகாரத்தையும் சேத்து மொத்தமே 64 பைட் தான். இப்ப வர்ற போர்டுல செட்டிங்ல ஒரு பகுதி கரண்ட் இல்லாமயே நிக்கற ஃபிளாஷ் சிப்புக்குள்ள போயிருச்சு, அதனால சில மெஷின்ல, முக்கியமா லேப்டாப்ல, பேட்டரியைக் கழட்டினாலும் செட்டிங் மாறாம அப்படியே இருக்கும். டெஸ்க்டாப் போர்டுல பெரும்பாலும் ஜம்பர் வேலை செய்யும். இன்னொண்ணு, இங்க தான் நெறையப் பேரு ஏமாறுவாங்க: கிளியர் பண்ணினா நீங்க முந்தி வெச்சிருந்த செட்டிங் திரும்ப வராதுங்க, கம்பெனியில இருந்து வந்தப்ப இருந்த செட்டிங் தான் வரும். சில போர்டுல கம்பெனி செட்டிங்கே சிஎஸ்எம் ஆஃப்ல தான் இருக்கும். அந்தக் கார்டை உள்ள வெச்சுக்கிட்டே கிளியர் பண்ணினா மறுபடி கருப்பு ஸ்கிரீன் தான், அப்ப "கிளியர் பண்ணியும் ஆகல, போர்டு போச்சு"ன்னு முடிவு கட்டிருவாங்க. அதுக்காகத் தான் கார்டைக் கழட்டறதை முதல்ல சொன்னேன்.

உங்க ஊர்க்காரங்களுக்குன்னே ஒண்ணு இருக்குது. செட்டிங் மாத்தினப்ப மெஷின் கெட்டுப் போச்சுன்னு நாம நினைக்கறோம், ஆனா அதே நேரத்துல இன்னொண்ணும் நடந்திருக்குது, மெஷின் ரீஸ்டார்ட் ஆயிருக்குது. மாசக்கணக்கா ஆஃப் பண்ணாம, பொழுதோட ஸ்லீப்ல போட்டு வெடியால தட்டி எழுப்பற மெஷின், மாசாந்திர ஷட்டவுன் அன்னிக்குக் கூட யூபிஎஸ்லயும் ஜெனரேட்டர்லயும் ஓடினது, அன்னிக்குத் தான் முதல் தடவையா சுத்தமா ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கும். முன்னாடியே தகராறா இருந்த ரேமோ பவர் சப்ளையோ அப்பத் தான் பல்லைக் காட்டும். பனியன் கம்பெனி, எம்பிராய்டரி யூனிட் கம்ப்யூட்டரைத் தொறந்து பாத்தீங்கன்னா தூசி இருக்காதுங்க, பஞ்சு இருக்கும், புராசசர் ஃபேனுக்குக் கீழ கம்பளி விரிச்ச மாதிரி படிஞ்சு கெடக்கும், ரேம் ஸ்லாட்டுக்குள்ளயும் இழை இழையாப் போயிருக்கும். அதனால கை வெச்சதும் வெச்சோம்னு ரேமைக் கழட்டி, அந்த தங்கக் கலர் காலை வெள்ளை ரப்பரால லேசாத் தேச்சு, ஸ்லாட்டை பிரஷ்ல தட்டிட்டு, ஒரு ரேமை மட்டும் போட்டு ஆன் பண்ணிப் பாருங்க, ஆகலைன்னா அடுத்ததை. ரெண்டு பக்கமும் கிளிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுத்தோணும். வாக்குவம் கிளீனரை உள்ள விடாதீங்க, ஸ்டேட்டிக் வரும், புளோயர்னா ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு அடிங்க.

டிஸ்ப்ளே வந்துருச்சுன்னு வெச்சுக்கலாம். இப்ப அடுத்த தடங்கல் ஒண்ணு இருக்குது, அதைப் பாத்து மறுபடி பயந்துராதீங்க. "பூட் டிவைஸ் இல்ல, டிஸ்க்கை சொருகு"ங்கற மாதிரி கருப்புல வெள்ளை எழுத்து வரலாம், இல்ல நேரா பயாஸ்க்குள்ளயே போயி நிக்கலாம். டிஸ்க் போயிருச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்லீங்க. உங்க விண்டோஸ் 10ஐப் போட்டவங்க பழைய முறையில, எம்பிஆர்னு சொல்ற பார்ட்டிஷன் முறையில போட்டிருந்தா சிஎஸ்எம் இல்லாம அது பூட் ஆகாது. யூஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடிங்கற புது பார்ட்டிஷன் முறை வேணும். பயாஸ்ல டிஸ்க்கோட பேரு தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா டிஸ்க் உயிரோட தான் இருக்குது. அப்ப செக்யூர் பூட்டை டிசேபிள் பண்ணிட்டு சிஎஸ்எம்மை எனேபிள் பண்ணுங்க, அந்த வரிசையில தான் பண்ணோணும், செக்யூர் பூட் ஆன்ல இருந்தா நெறைய போர்டுல சிஎஸ்எம்மை மாத்தவே விடாது. பூட் வரிசையில உங்க டிஸ்க்கை மேல வெச்சு சேவ் பண்ணுங்க. டிபிஎம் ஆன்ல இருந்தாலும் ஆஃப்ல இருந்தாலும் இப்போதைக்கு ஒண்ணும் பண்ணாது, உட்டுருங்க. அப்படியே தேதி நேரத்தையும் சரி பண்ணிருங்க, கிளியர் பண்ணினா தேதி எங்கயோ பின்னாடி போயிருக்கும், அப்படியே விட்டா ஜிஎஸ்டி சைட்டே திறக்காது, செக்யூரிட்டி சரியில்லைன்னு பிரவுசர் அடம் பிடிக்கும், நெட்டு தான் போச்சுன்னு அடுத்த ஆளைக் கூப்பிடுவீங்க.

விண்டோஸ் வந்த உடனே முதல் வேலை, வேற எதையும் தொடாம, டாலி டேட்டா ஃபோல்டரையும் டிசைன் ஃபோல்டரையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்றது. இவ்வளவும் பண்ணியும் மெஷின் எந்திரிக்கவே இல்லைன்னாலும் 20ஆம் தேதி ரிட்டர்னுக்கு வழி இருக்குது. டிஸ்க்கைக் கழட்டி சாட்டா டூ யூஎஸ்பி கேபிள் ஒண்ணு வாங்கி வேற கம்ப்யூட்டர்ல சொருகுங்க, டிரைவ் எல்லாம் பென் டிரைவ் மாதிரி தெரியும், டாலி ஃபோல்டரை எடுத்து அந்த மெஷின்லயோ உங்க ஆடிட்டர் ஆபீஸ்லயோ வெச்சு வேலையை முடிச்சுக்கங்க. போர்டு மேலயே படுக்க வெச்சுச் சொருகியிருக்கற சின்ன எம்.2 டிஸ்க்குன்னா அதுக்கு எடுக்கற கேஸ் தனியா விக்குது, எந்த வகைன்னு டிஸ்க்கோட போட்டோவைக் காட்டி வாங்குங்க, ரெண்டு வகை இருக்குது. சொருகினப்ப "இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணட்டுமா"ன்னு விண்டோஸ் கேட்டா கேன்சல் குடுங்க. அப்படிக் கேட்டா டிஸ்க்குலயே ஏதோ கோளாறு, அப்ப டேட்டா எடுக்கறவங்க கிட்ட போறது தான் சரி.

அப்புறம் விண்டோஸ் 11. உங்க ஆசை தப்பில்ல, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட்டை நிறுத்திருச்சு, எட்டாம் தலைமுறை இன்டெல்ல இருந்து 11க்குத் தகுதி உண்டு, டிபிஎம் 2.0வும் உங்க போர்டுல பிடிடிங்கற பேர்ல இருக்கும். பிரச்சனை, வரிசை மாறிப் போச்சு. டிஸ்க்கை முதல்ல ஜிபிடிக்கு மாத்திட்டுத் தான் சிஎஸ்எம்மை ஆஃப் பண்ணோணும். டேட்டா அழியாம மாத்தறதுக்கு எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூலை மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 10ல 1703 வெர்ஷன்ல இருந்து குடுத்திருக்குது, முதல்ல வேலிடேட்னு போட்டு ஓட்டினா ஆகுமா ஆகாதான்னு எதையும் மாத்தாம சொல்லிரும். நம்ம ஊருப் பக்கம் அது அடிக்கடி ஆகாதுன்னு தான் சொல்லும், ஏன்னா கடையில டிஸ்க்கை சி, டி, இ டிரைவ்னு துண்டு போட்டுக் குடுக்கறது பழக்கம், சிஸ்டம் ரிசர்வ்டு ஒண்ணு, சி, டி, அதுக்கு மேல நாலாவதா இ போட்டா அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனா ஆயிரும், அது இருந்தா இந்த டூல் ஒத்துக்காது, மூணு பிரைமரிக்குள்ள இருந்தாத் தான் ஆகும். அப்ப இ டிரைவ்ல இருக்கறதை வெளிய எடுத்துட்டு அந்தப் பார்ட்டிஷனை அழிச்சுட்டுப் பண்ணோணும். பேக்கப் இல்லாம இந்த வேலைக்குப் போகாதீங்க. அந்த ஜிடி 210ஐயும் மறந்துருங்க, செக்யூர் பூட்டோட அது ஒத்து வராது. ரெண்டு மானிட்டர் தானே வேணும், உங்க போர்டு பின்னாடி விஜிஏவும் ஹெச்டிஎம்ஐயும் ரெண்டுமே இருந்தா ஆளுக்கு ஒண்ணா சொருகினாலே போதும், கார்டே தேவையில்ல.

இதே மாதிரி நெலமையில வேற யாராச்சும் இதைப் படிச்சா அவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. லோகோ வந்து விண்டோஸ் சுத்தற வட்டத்துல நீல ஸ்கிரீன் வந்து "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்"னு சொன்னா, அனேகமா பயாஸ்ல சாட்டா மோடை (போர்டு டிஸ்க்கோட பேசற முறை) மாத்தியிருப்பீங்க, ஏஹெச்சிஐ, ரெய்டு, ஐடிஇன்னு மூணு இருக்கும், முந்தி எது இருந்துதோ அதுக்கே திரும்பிருங்க, ஞாபகம் இல்லைன்னா ஒவ்வொண்ணா வெச்சுப் பாருங்க, வெறுமனே பூட் பண்ணிப் பாக்கறதுல நட்டம் ஒண்ணுமில்ல, ஆனா ரெய்டு மோடுல புதுசா வால்யூம் உண்டாக்கற மெனுவுக்குள்ள மட்டும் போயிறாதீங்க. ரெண்டு டிஸ்க்கை நிஜமாவே ரெய்டுல சேத்து வெச்சிருக்கற சர்வர்னா இந்த விளையாட்டே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்க. பயாஸைத் தொடாம விண்டோஸுக்குள்ளயே எம்எஸ்கான்ஃபிக்ங்கற செட்டிங் டூல்ல போயி "மேக்ஸிமம் மெமரி"யில டிக் அடிச்சுட்டு வந்து கருப்பா நிக்கறவங்களும் உண்டு, இன்னமும் அதை ஸ்பீடு டிப்ஸுன்னு பரப்பிக்கிட்டுத் தான் இருக்காங்க, அந்த டிக் ரேமைக் கூட்டாது, கட்டுப்படுத்தத் தான் செய்யும். விண்டோஸ் லோடு ஆகறப்ப பவர் பட்டனை அமுத்தி ஆஃப் பண்ணி, அதையே மூணு தடவை பண்ணினா ரிப்பேர் ஸ்கிரீன் வரும், அதுல இருந்து கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போயி பிசிடிஎடிட் கட்டளையால அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துடலாம்.

லேப்டாப்னா ஒரு எச்சரிக்கை. இப்ப வர்ற விண்டோஸ் லேப்டாப்ல நாம கேக்காமயே டிஸ்க்கை பூட்டி வெச்சிருப்பாங்க, பிட்லாக்கர். செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ மாத்தினா 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். செட்டிங்கைத் திரும்ப பழையபடி வெச்சாலே பல தடவை கேக்காம விட்டுரும், இல்லைன்னா லேப்டாப் வாங்கினப்ப எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டீங்களோ அதுல கீ இருக்கும். டிபிஎம்மை கிளியர் பண்ணட்டுமான்னு எங்கயாச்சும் கேட்டா, கீ கையில இல்லாம சரின்னு குடுக்காதீங்க. பயாஸ் செட்டிங்னால டேட்டா கைக்கு எட்டாமப் போற ஒரே எடம்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சு இது தான், அப்பவும் டேட்டா அழியறதில்ல, சாவி இல்லாம கெடக்கும். உங்க டெஸ்க்டாப் எம்பிஆர்ல போட்ட பழைய விண்டோஸ் 10னா நீங்களா ஆன் பண்ணாம இது வந்திருக்காது.

இவ்வளவும் நீங்க செட்டிங் மட்டும் தான் மாத்தினீங்கங்கற நம்பிக்கையில எழுதினது. அந்த வீடியோவுல பயாஸ் அப்டேட்டும் பண்ணச் சொல்லி, பண்ணிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போயிருந்துதுன்னா கதையே வேற, அப்ப ஜம்பர், பேட்டரி, கார்டு எதுவும் ஆகாது, சிப்பை புரோகிராமர் வெச்சு எழுதற சர்வீஸ் சென்டருக்குத் தான் போகோணும், அங்கயும் டிஸ்க்கைக் கழட்டி வீட்டுலயே வெச்சுட்டு போர்டை மட்டும் குடுங்க. பவர் சப்ளையே தகராறுன்னாலும் நான் இங்கிருந்து சொல்ல முடியாது, வேற ஒண்ணை மாட்டிப் பாத்தாத் தான் தெரியும்.

முதல்ல நம்லாக் லைட்டையும், கார்டைக் கழட்டினா என்ன ஆகுதுங்கறதையும் மட்டும் பாத்துட்டு எழுதுங்க. போர்டு நடுவுல பெருசா மாடல் நம்பர் அச்சடிச்சிருக்கும், அதையும், பேட்டரி பக்கத்துல இருக்கற பின்னு தெரியற மாதிரி வெளிச்சத்துல ஒரு போட்டோவும் சேத்துப் போடுங்க, எந்த பின்னைத் தொடோணும்னு பாத்துச் சொல்றேன். மில்லுல வேலை இருக்குது, பொழுதோட தான் பாப்பேன்.